கடலூர் படகுப் பட்டறையில் ஒரு பந்தயக் கார் மூக்கு: நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நாங்கள் சேர்ந்து செய்த பந்தயக் கார் முதன்முதலாக ஓடியது. காலை பத்தரை மணிக்கு அதன் முதல் மூக்கு, அதாவது முன்முனையை மூடும் ஃபைபர் உறை, உடைந்தது. விபத்து என்று சொல்ல முடியாது. ஓட்டியவர் ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய், ஓரக்கட்டையில் ஏறி, மண்ணில் இறங்கித் திரும்பி வந்தார். காரில் வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. மூக்கின் அடி விளிம்பு மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து தொங்கியது.

மாற்று மூக்கு கையிலேயே இருந்தது. அதை மாட்டத்தான் நாற்பது நிமிடம் பிடித்தது. துளைகள் பொருந்தவில்லை. ஒரு துளை சரியாக உட்கார்ந்தால் அடுத்தது அரை விரல் தள்ளி நின்றது. வட்ட அரத்தை வைத்து ஒவ்வொன்றாக ராவி, கடைசியில் ஒரு போல்ட்டை மாட்டாமலே காரை அனுப்பினோம். கோவையிலிருந்து வந்திருந்த தலைமைப் பொறியாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சார், பந்தய நாளில் இந்த நாற்பது நிமிஷம் யாருக்கும் கிடைக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டார். அந்த நாற்பது நிமிடத்தை மூன்றாகக் குறைக்க எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த வருடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காரின் பெயரையும் தொடரின் பெயரையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வேலையைப் பற்றி எழுதலாம் என்றார்கள்.

நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாகங்களை ஒரே அளவில் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸர் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கார் ஒற்றை இருக்கை ஃபார்முலா வகை. சாதாரண ஹேட்ச்பேக் காரின் 1.3 லிட்டர் இன்ஜினைப் பின்னால் பொருத்தியது. குழாய்ச் சட்டகம், சஸ்பென்ஷன், இன்ஜின் எல்லாம் கோவையில். மூக்கு, இரண்டு பக்கப் பெட்டிகள், இன்ஜின் மூடி ஆகிய ஃபைபர் உடல் மட்டும் எங்கள் பொறுப்பு. முதல் தவணையாக 12 கார்கள், 12ம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பந்தயக்காரர்கள் ஒன்-மேக் என்று சொல்லும் வகை இது. களத்தில் இறங்குகிற எல்லாம் ஒரே கார். இன்ஜினைத் திறக்க முடியாதபடி கம்பி கோத்து முத்திரை வைத்திருப்பார்கள். கணினிப் பெட்டியில் கை வைக்கக் கூடாது. டயர் எல்லோருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். முன்னே போகிறவர் தன் கையாலும் காலாலும் முன்னே போயிருக்க வேண்டும், காசால் அல்ல என்பதுதான் இதன் அடிப்படை. காரை வாங்குகிறவரும் சீசனுக்கு வாடகைக்கு எடுக்கிறவரும் பெரிய கம்பெனிகள் இல்லை. பெரும்பாலும் ஒரு பையனோ பெண்ணோ, பின்னால் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கும் ஒரு அப்பா. அந்த அப்பாவுக்கு இரண்டே கேள்விகள்தான் இருக்கும். பக்கத்துக் காரும் என் பிள்ளை காரும் நிஜமாகவே ஒன்றுதானா? உடைந்தால் எவ்வளவு ஆகும்? இந்த இரண்டுக்கும் நேர்மையான பதில் இல்லாத கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாடிக்கையாளர் பந்தயத்துக்கு லாயக்கில்லை என்பது என் முடிவு.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பரம்பரை உண்டு. கோவை எஸ். கரிவரதன் 1988இல் ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். மாருதி 800இன் 796 சிசி இன்ஜின், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற உதிரிகள், மேலே ஃபைபர் உடல். நரேன் கார்த்திகேயன் பந்தயம் ஓட்டத் தொடங்கியது அந்தக் காரில்தான். அவரே 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995இல் மறைந்துவிட்டார். 2003இல் திறந்த கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன்பிறகு எத்தனையோ தொடர்கள் வந்தன. ஃபோக்ஸ்வாகன் 2010இல் போலோ கோப்பையைத் தொடங்கியது. 2017இல் அமியோவை 205 குதிரைத்திறனோடு பந்தயக் காராக்கியது. இப்போதைய இந்திய ஃபார்முலா 4 கார்கள் பிரான்சிலிருந்து வருகிற மிகால் சட்டகம். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடல் சாலைகளில் இரவு வெளிச்சத்தில் அவையும் ஓடின. நல்ல கார்கள். ஆனாலும் கரிவரதன் போட்ட பாதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கார் எங்கே உடைகிறதோ அங்கேயே சரிசெய்துவிட வேண்டும் என்ற எண்ணம் அது.

ஃபைபர் வேலைக்கு நான் தேடிப் போனது கடலூருக்கு, தாழங்குடா பக்கம் இருந்த ஒரு படகுப் பட்டறைக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகு பெருகியது. இருபது வருடமாக வெயிலிலும் உப்புக்காற்றிலும் கண்ணாடி இழையையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசினையும் கையாண்ட கைகள் இங்கே இருக்கின்றன. சென்னையில் ஒரு பெரிய இடத்தில் விலை கேட்டிருந்தோம். வேலை நன்றாக இருந்தது, ஆனால் ஒரு மூக்குக்கு மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். தாழங்குடா மேஸ்திரி மாதிரியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது படகோட அணியம் மாதிரிதான் தம்பி. சின்னது, அவ்வளவுதான்" என்றார். அணியம் என்றால் படகின் முன்முனை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஓட்டுகிறவரின் காலைக் காப்பது இந்த மூக்கு இல்லை. அதற்குள்ளே சட்டகத்தோடு போல்ட் போட்ட மோதல் பெட்டி தனியாக இருக்கிறது. அதைச் செய்வதும் சோதிப்பதும் வேறு ஆட்கள். அதில் படகுப் பட்டறைக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை. நாங்கள் செய்தது காற்றை வெட்டும் தோல் மட்டும்.

சோதனை ஓட்டம் முடிந்த மறுநாள், முதலில் வார்த்த ஐந்து மூக்குகளையும் தராசில் வைத்தேன். 4.6 கிலோ, 5.1, 4.8, 5.9, 5.3. ஒரே அச்சு, ஒரே ஆள், ஒரே வாரம். இடையில் 1.3 கிலோ வித்தியாசம். உடைந்தது 4.6 கிலோ மூக்கு. உடைந்த விளிம்பைச் சூரியனுக்கு நேரே பிடித்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். ரெசின் ஊறாத மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு. அந்த இடம் வெறும் நூல்தான், பிடிப்பு எங்கிருந்து வரும்? 5.9 கிலோ மூக்கில் நேர் எதிர்: மூலைகளில் ரெசின் தேங்கிக் கண்ணாடி போல இறுகியிருந்தது. கனமாக இருந்தால் வலுவாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் இழை இல்லாமல் தேங்கிய ரெசின் தட்டினால் நொறுங்கும்.

1.3 கிலோவால் சுற்று நேரம் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். பெரிதாக மாறாது. காரும் ஓட்டுகிறவரும் சேர்ந்த எடையைத்தான் பந்தயத்தில் நிறுக்கிறார்கள், குறைவுக்கு ஈயக்கட்டி வைத்துச் சமன் செய்யலாம். ஆனால் அந்த எடை முன் சக்கர அச்சுக்கும் முன்னால், காரின் ஆகக் கடைசி நுனியில் தொங்குகிறது. ஈயம் வைப்பதோ இருக்கைக்குப் பக்கத்தில். அதைவிடப் பெரியது சந்தேகம். "அவன் மூக்கு லேசு" என்ற பேச்சு, கார்களைச் சரிசெய்யும் இடமான பிட்டில் ஒருமுறை கிளம்பிவிட்டால் அந்தத் தொடரை யாராலும் காப்பாற்ற முடியாது. எல்லாக் காரும் ஒன்று என்ற நம்பிக்கையைத்தானே விற்கிறோம்.

இதில் மேஸ்திரி மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை கொடுத்தபோது நான் சொன்ன ஒரே வார்த்தை "வலுவாப் போடுங்க" என்பது. எவ்வளவு என்று சொல்லவில்லை. படகில் இரண்டு கிலோ கூடினால் யாருக்கும் தெரியாது; குறைந்தால் கடலில் உயிர் போகும். அவர் கை அந்தப் பழக்கத்தில்தான் ஓடியது.

ஆகவே அளந்து எழுத ஆரம்பித்தோம். மூக்கின் பரப்பு சுமார் 1.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு என்றால் இழை மட்டும் 1.26 கிலோ. அதற்கு இரண்டேகால் மடங்கு ரெசின், 2.8 கிலோவுக்குச் சற்றுக் கூட. மேலே பூச்சாக வரும் ஜெல் கோட் 800 கிராம் சொச்சம். கூட்டினால் 4.9 கிலோ. இதுதான் எங்கள் எண். ஒவ்வொரு மூக்குக்கும் மேட்டை, அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்து, முன்கூட்டியே வெட்டி, ரெசினை நிறுத்து, தனி வாளியில் வைத்தோம். வாளி காலியானால் வேலை முடிந்தது. பீப்பாயிலிருந்து இன்னொரு மக் எடுக்கக் கூடாது.

இரண்டாவது வாரமே அது சிக்கலானது. அதே வாளி, அதே மேட், ஆனால் மதியம் செய்த மூக்கில் மறுபடி வெள்ளைத் திட்டு. அப்போதுதான் மேஸ்திரி வேலை செய்வதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரெசினில் முதலில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கினார். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் பாட்டில் பட்டறையின் மறுகோடியில், ஓலைத் தட்டியின் நிழலில் தனியாக இருந்தது. இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும் என்பது அவருக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரிந்தது அல்ல. பழைய பட்டறை ஒன்றில் கண்ணால் பார்த்திருக்கிறார். கடைசியாக ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிவிட்டு, புறங்கையை மக்கின் வெளிப்பக்கம் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தார். மக் சூடேறுகிற வேகத்தை வைத்து, இன்னும் எவ்வளவு நேரம் பிரஷ் ஓடும் என்று கணக்குப் போடுகிறார். காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் கிடைக்கிற ரெசின், ஜூலை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடத்தில் கட்டிப்போகிறது. மூலைக்கு ரோலர் போவதற்குள் இறுகிவிட்டால் மேட் நனையாது. முன்பெல்லாம் அவர் புது ரெசின் ஊற்றி ஈடுகட்டினார், எடை ஏறியது. இப்போது வாளி அளவு என்று நான் கட்டிப்போட்டதால் ஈடுகட்ட வழியில்லாமல் திட்டு விழுந்தது.

தீர்வு எளிது, ஆனால் அதை எட்ட எனக்கு அவர் புறங்கை தேவைப்பட்டது. மூக்கு வார்ப்பதை விடியற்காலைக்கு மாற்றினோம். 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுவரில் ஒரு வெப்பமானி. அதன் அளவுக்கு ஏற்ப ஹார்டனர் எத்தனை மில்லி என்று பலகையில் எழுதினோம். அந்த எண்களைச் சொன்னவர் மேஸ்திரி, நிறுத்துப் பார்த்து எழுதியவன் நான். வழக்கமாக ரெசின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். அதன்பிறகு வந்த மூக்குகள் எல்லாம் 4.9 கிலோவுக்கு நூறு கிராம் கூட, நூறு கிராம் குறைய என்று நின்றன. ஒவ்வொன்றின் உள்பக்கமும் எண், தேதி, எடை. தராசில் தேறாத மூக்கு எதுவும் வெளியே போகவில்லை.

துளைகள் என் வேலை. ஆரம்பத்தில் பட்டறைப் பையன் மூக்கை எடுத்த பிறகு அளவு டேப் வைத்துத் துளை போட்டிருந்தான். வளைந்த பரப்பில் டேப் எப்படி நேராக நிற்கும்? அச்சுக்குள்ளேயே இரும்பு முனை பதித்தோம். வார்த்தெடுக்கும்போதே மூக்கில் குழி விழும், அதே குழியில் துளை. கோவைச் சட்டகத்தின் முன்பகுதியை அப்படியே ஒத்த ஒரு ஜிக்கை என் பட்டறையில் செய்து கடலூரில் வைத்தேன். ஜிக்கில் உட்காராத மூக்கு வண்டி ஏறாது. போல்ட்டுக்குப் பதில், கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் திருகுகள்.

இவ்வளவும் ஆன பிறகும் உடைகிற பிரச்சினை தீரவில்லை. ஒழுங்காகச் செய்த மூக்கும் ஓரக்கட்டையில் அடித்தால் உடையத்தான் செய்யும். ஒரு சாண் விளிம்புக்காக முழு மூக்கையும் தூக்கிப் போடுவது அந்த அப்பாவின் சட்டைப்பையில் கை வைப்பது போல. விளிம்பில் இன்னும் இரண்டு அடுக்கு மேட் போடலாமா என்று நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ? படகக் கரையில இழுக்கும்போது அடி மண்ணுல உரசும்ல. அங்க தனியா ஒரு பட்டை கட்டுவோம். தேயறது பட்டைதான். தேஞ்சா பிச்சிட்டு வேற கட்டுவோம், படகத் தொட மாட்டோம்."

தாழங்குடாக் கரையில் நின்றிருந்த படகைக் குனிந்து காட்டினார். அடியில் விரல் தடிமனுக்கு ஒரு பட்டை, நிறமே வேறு, ஓரம் நைந்திருந்தது. அதற்கு மேல் படகின் உடம்பு புதிதாக இருந்தது.

அங்கிருந்துதான் மூக்கின் உதடு பிறந்தது. அடி விளிம்பைத் தனித் துண்டாக்கி, மூக்குக்கு அடியில் இரண்டு விரல் மேல்படிய வைத்துப் பொருத்தினோம். நைலான் போல்ட் போட்டால் அடிபட்டதும் போல்ட் முறியும், மூக்கு கிழியாது. கோவைப் பொறியாளர் இதை முதலில் ஏற்கவில்லை, அவர் சொன்ன காரணம் சரியானது: கழன்ற உதடு ஓடுதளத்தில் விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு அது கத்தி. மூன்று வாரம் இந்த ஒரு விஷயத்தில் போனது. கடைசியில் நடுவில் இரண்டு இரும்பு போல்ட், இரு பக்கமும் நைலான் என்று முடிவானது. அடிபட்டால் ஒரு பக்கம் தொங்கும், விழாது. தொங்குகிற காருக்கு ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி காட்டுவார்கள், பிட்டுக்கு வந்தே ஆக வேண்டும். 2024 மேயில் அடுத்த சோதனையில் வேண்டுமென்றே உதட்டை முறித்து, கடிகாரம் வைத்து மாற்றிப் பார்த்தோம். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உதட்டின் விலை முழு மூக்கின் விலையில் ஆறில் ஒரு பங்கு.

2025இல் போர்ஷே தன் ஒன்-மேக் தொடர்களுக்காக அறிவித்த புதிய 911 கப் காரில் முன் உதட்டை மூன்று துண்டாக்கியிருந்தார்கள். சின்ன அடிக்கு முழுவதையும் மாற்ற வேண்டாம் என்பதற்காக. 520 குதிரைத்திறன் காருக்கும் இதே கவலைதான். படத்தை மேஸ்திரிக்குக் காட்டினேன். இணைப்பு எங்கே வருகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தவர், "மூணாப் போட்டா ஓரத்துக்கு மட்டும் தனி விலை" என்றார். எங்கள் உதடு இன்னும் ஒற்றைத் துண்டுதான். அடுத்த தவணையில் மூன்றாக்கும் படம் என் மேஜையில் இருக்கிறது.

நடுவில் ஒரு பெரிய அடி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணை வழியே கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் வந்தது. பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். மேஸ்திரி வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு முதலில் ஹார்டனரைத்தான் மேலே ஏற்றியிருக்கிறார். அச்சு இரண்டு நாள் சேற்றில் கிடந்தது. கழுவி ஜிக்கில் வைத்தபோது இடது பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. மேற்பரப்பில் கொப்புளம். அதில் வார்த்தால் பழைய மூக்குகளுக்கும் புதியவற்றுக்கும் உருவமே மாறியிருக்கும், ஒன்-மேக் என்ற சொல்லுக்கு அர்த்தம் போயிருக்கும். அச்சை எடுக்கப் பயன்பட்ட மரத்தாலான மூல வடிவத்தை நான் மேட்டுப்பாளையத்தில் மாடியில் வைத்திருந்தேன், அது பிழைத்தது. அதிலிருந்து இரண்டு அச்சுகள் புதிதாக எடுத்தோம், ஒன்று கடலூரில், ஒன்று என்னிடம். இந்த மாதிரி வேலை எடுக்கிறவர்கள் மூல வடிவத்தையும் அச்சையும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்கவே கூடாது, அதுவும் இந்தக் கடற்கரையில்.

இன்னொரு முடிவு எனக்கு முழு மனநிறைவு தரவில்லை. உடைந்த மூக்கை வாடிக்கையாளரே ஒட்டிக்கொள்ளலாமா? கூடாது என்றால் செலவு ஏறும், கரிவரதன் வழிக்கும் அது பொருந்தாது. கூடும் என்றால் எடையும் உருவமும் ஆளுக்கொன்றாகும். இப்போதைக்கு, மூக்கை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், ஆனால் 4.8 கிலோவுக்குக் குறையக் கூடாது, எங்கள் ஜிக்கின் சிறிய நகல் ஒன்றில் உட்கார வேண்டும்; உதடு மட்டும் எங்களிடமிருந்தே வர வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள். கனமாக ஒட்டிக்கொண்டவர் அந்தக் கனத்தைத் தானே சுமக்கட்டும் என்பது வாதம். பணம் குறைந்தவர்தான் அதிகம் ஒட்டுவார், ஆகவே அவர் கார்தான் கனமாகும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஒட்டிய மூக்கை இலவசமாக நிறுத்து, தேய்த்துக் கொடுக்க ஒரு ஆளைப் பந்தய வாரங்களில் அனுப்புவதாக ஏற்றிருக்கிறோம். மேஸ்திரியின் மகன் போகிறான்.

தீராத வேலை ஒன்று பாக்கி. இன்ஜின் மூடியில் புகைக்குழாய்க்கு நேர் மேலே உள்ள இடம் பத்துச் சுற்றுக்குப் பிறகு இளகி, கை வைத்தால் அமுங்குகிறது. படகு ரெசினுக்கு அந்தச் சூடு பழக்கமில்லை. உள்பக்கம் அலுமினியத் தகடு ஒட்டிப் பார்த்தோம், தகடு கழன்றது. இப்போது வினைல் எஸ்டர் ரெசினில் மூன்று மூடிகள் வார்த்திருக்கிறோம். அது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். மேஸ்திரிக்கு அதன் போக்கு இன்னும் பிடிபடவில்லை. மக் எப்போது சூடேறும் என்று புறங்கைக்குத் தெரியவில்லை என்கிறார். பலகையில் அதற்கென்று ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு வெப்பநிலைகளுக்கு மட்டும் எண் எழுதியிருக்கிறது.